வலி மாத்திரை இருந்த வீடு

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அரிசியும் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக இறங்குகிற தெரு. சுமை தூக்கும் ஆட்கள் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை வாங்க வருவார்கள். நான் சேர்ந்த புதிதில் முதலாளி யாரையும் துருவிக் கேட்க மாட்டார். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்ப்பார், என்னிடம் தருவார், நான் எடுத்துக் கொடுப்பேன்.

பிறகு சில இளவட்டங்கள் ஊசி மருந்து கேட்டு வர ஆரம்பித்தார்கள். புற்றுநோய்க்காரர்களுக்கும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் போடுகிற வலி ஊசி அது. வேர்த்துக் கொட்டும் மேட மாதக் கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். கையில் இருக்கும் சீட்டு பல கடைகளுக்குப் போய் வந்து கசங்கியிருக்கும். ஒருநாள் கொச்சங்காடியில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் ஒருவன் செத்துக் கிடந்தான். பக்கத்திலேயே ஊசி கிடந்தது. போலீஸ் வரிசையாக எல்லா மருந்துக்கடைகளிலும் ஏறி இறங்கியது. எங்கள் கடை அலமாரியையும் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

அன்றோடு முதலாளி முடிவு செய்துவிட்டார். பலமான வலி மருந்து எதுவும் இனி இந்தக் கடைக்குள் வராது. யார் கேட்டாலும், எந்த டாக்டர் எழுதினாலும், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படியே செய்தார்கள். நல்ல சீட்டோடு வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். ஒரு கிழவர் தன் மனைவிக்காக படகுத்துறையில் படகு ஏறி எறணாகுளம் முழுக்கத் தேடிவிட்டு மறுபடி எங்களிடமே வந்து நின்றார். அவருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். அப்போது அது எனக்குச் சரியாகவே பட்டது. அந்த முழுக்கைச் சட்டைக்காரர்களில் ஒருவன் என் அண்ணன்.

எங்கள் அப்பா நகராட்சித் துப்புரவு வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். எனக்கு விவரம் தெரிவதற்குள் இறந்துவிட்டார். அம்மா கிடங்கில் சுக்கு புடைத்து எங்களை வளர்த்தாள். அண்ணன் லோடு வண்டியில் கிளீனராக இருந்தான். எந்தக் கூட்டாளி எந்த நாளில் முதல் ஊசியைப் போட்டுவிட்டான் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிய வந்தபோது அவன் வேலைக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். வீட்டில் ரேடியோ காணாமல் போனது, அப்புறம் அம்மாவின் பித்தளைக் குடம். கேட்டால் அழகாகப் பேசுவான். பொய் சொல்லும்போதுதான் என் அண்ணன் மிகவும் பிரியமான பிள்ளையாக இருப்பான். கண்ணைப் பார்த்துச் சிரிப்பான், அம்மாவின் தோளில் கை போடுவான், நடுவில் ஒரு வேடிக்கை சொல்லி என்னையும் சிரிக்க வைத்துவிடுவான்.

அம்மா மார்பில் இருந்த கட்டியை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது அது முதுகெலும்புக்குப் போயிருந்தது. எறணாகுளத்தில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த வலியை நான் எப்படிச் சொல்வது? அவளால் படுக்க முடியாது. சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அந்த இடத்தில் சுண்ணாம்பு எண்ணெய்ப் பிசுக்காகிக் கறுத்துப்போனது. கத்த மாட்டாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். நான் கடையிலிருந்து கொண்டுவரும் சாதாரண மாத்திரைகள் அந்த வலிக்கு எந்த மூலைக்கு? முதலாளியிடம் போய், எங்கேயாவது சொல்லி வரவழைத்துத் தாருங்கள் என்று நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "மோளே, உனக்குத் தந்தா நாளைக்கு வேற ஒருத்தனுக்கு எப்படி இல்லேன்னு சொல்லுவேன்?" என்றார்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை இத்தா என்று கூப்பிடுவோம்; அவர்தான் வழி சொன்னார். அவருடைய நாத்தனாரின் கணவருக்கு எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் வலிக்கென்றே மருந்து தருகிறார்களாம். ஒரு டாக்டரும் ஒரு சிஸ்டரும் சேர்ந்து நடத்துகிறார்களாம். மார்ஃபின் மாத்திரை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இருக்கிறதாம். மறுநாளே படகு ஏறினேன்.

அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, பூட்டுப் போட்ட ஒரு இரும்பு அலமாரி. டாக்டர் அம்மாவின் பழைய சீட்டுகளை எல்லாம் பொறுமையாகப் படித்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா, நான், அண்ணன் என்றேன். அண்ணன் என்ன செய்கிறான் என்றார். வாய் வரை வேறு ஏதோ வந்தது. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிஸ்டர்தான் என் அருகில் வந்து உட்கார்ந்து, அவன் என்ன போடுகிறான், எவ்வளவு காலமாக, வீட்டுச் சாமானில் கை வைக்கிற பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐம்பது வயது இருக்கும். சத்தமே வராத குரல். அந்த அலமாரிக்கு அனுமதி வாங்க அவர்கள் பட்ட பாட்டையும் சொன்னார். இங்கேயிருந்து போகிற ஒரு மாத்திரை தெருவில் கிடைத்தால், அலமாரியையே பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். அப்புறம் இந்தப் பெஞ்சுகளில் காத்திருக்கிற அத்தனை பேருக்கும் மருந்து கிடையாது. அதற்காக என் அம்மாவை மருந்தில்லாமல் விடவும் அவர்களுக்கு மனசில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாத்திரை எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இத்தா வீட்டில் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் வந்து ஒவ்வொன்றாகக் கொடுப்பார். படுக்கும்போது மட்டும் இரண்டு சேர்த்து. வாரத்துக்கு உண்டான மருந்து மட்டும் தருவார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து தந்தார்கள்.

இத்தா அந்தப் பொட்டலத்தை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார். வேளை தவறாமல் வந்தார். வெள்ளிக்கிழமை உச்சி நேரத்திலும் தொழுகையை முடித்த கையோடு தலையில் துணியோடு ஓடி வருவார். அம்மா மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொள்வாள். முதல் சில நாள் அம்மா தூங்கினாள். சுவரைவிட்டுப் பாய்க்கு வந்தாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே நானும் இத்தாவும் வாசலில் நின்றோம்.

பிறகு வலி திரும்பியது. சிஸ்டரிடம் சொன்னேன். அளவைக் கூட்டினார்கள். அப்போதும் அம்மா தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூட்டினார்கள். கேட்டால் மட்டும், பரவாயில்லை, குறைஞ்சிருக்கு என்பாள். இதற்கிடையில் அண்ணன் வீட்டோடு இருக்க ஆரம்பித்திருந்தான். அவனுடைய கூட்டாளிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனபின் அவனுக்கு ஊசி கிடைப்பதில்லை. அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பது, கால் பிடித்துவிடுவது, பாத்திரம் எடுத்துக் கொட்டுவது எல்லாம் அவன்தான் செய்தான். முகம் சுளிக்காமல் செய்தான் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எனக்கு அவன்மேல்தான் சந்தேகம். இத்தா வீட்டுக்குள் புகுந்து மாத்திரையை மாற்றி வைக்கிறானோ என்று இத்தாவிடமே கேட்டேன். அவர் பானையை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு பகல் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். படகிலிருந்து இறங்கி ஆட்டோ கிடைக்காமல் வெயிலில் நடந்தே வந்திருந்தார். அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், வெளிக்குப் போவதைப் பற்றிக் கேட்டார். சிறு டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்துப் பார்த்தார். அந்த நேரம் அண்ணன் அவருக்குச் சாயா கொண்டுவந்து நீட்டினான். அவர் சாயாவை வாங்கிக்கொண்டு அவன் முகத்தையும் சற்று நேரம் பார்த்தார். கிளம்பும்போது என்னைச் சந்து முனைவரை கூட்டிக்கொண்டு போனார்.

இத்தனை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கண்ணின் பாவை ஊசித்துளை மாதிரி சுருங்கிப்போகும் என்றார். அம்மாவின் கண் அப்படி இல்லை. "மோளே, சுருங்கியிருக்கிறது உன் சேட்டனோட கண்ணு. அம்மைகிட்ட நீயே கேளு. சத்தம் போடாதே, கேட்டியா."

நான் திரும்பி வந்தபோது அண்ணன் வெளியே போயிருந்தான். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரையை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். முழுங்குகிறேனே, இத்தா பார்க்கத்தானே முழுங்குகிறேன் என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் மற்றொரு கையால் இடுப்பில் செருகியிருந்த தலைப்பை இறுக்கினாள். அவிழ்த்துப் பார்த்தேன். பாதி கரைந்து காய்ந்த மாத்திரை ஒன்று துணியோடு ஒட்டியிருந்தது.

கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைத்து, இத்தா தலை மறைந்ததும் துப்பி எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். எல்லா வேளையும் இல்லை. தாங்கவே முடியாதபோது மட்டும் அவள் விழுங்கியிருக்கிறாள். எனக்கு வலி குறைஞ்சுபோச்சு, இது மிச்சம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் நம்பியிருக்கிறான். நம்பினால்தானே வாங்கிக்கொள்ள முடியும்.

"உனக்கு வலிக்கலியாம்மா?" என்றேன்.

"வலிக்குது." அவள் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினாள். "அவன் கிடந்த கிடப்பை நீ பாக்கல. நீ கடைக்குப் போயிருவ. மூக்கும் கண்ணும் ஒழுகி, கையும் காலும் முறுக்கி, வயித்தப் பிடிச்சுக்கிட்டு இந்தத் தரையில உருண்டான். நான் பெத்தது உருளுது. என் வாயில மருந்து இருக்கு. எனக்கு அது எறங்குமா?"

"அது மருந்தும்மா. உனக்குக் குடுத்த மருந்து."

"எனக்கு வலிச்சா இத்தா வாராங்க, சிஸ்டர் வாராங்க, நீ வார. அவனுக்கு வலிச்சா போலீஸ்தானே வருது."

துணியோடு ஒட்டியிருந்த மாத்திரையைச் சுரண்டி எடுத்து ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டேன்.

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்தால் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள் என்ற பயம். சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். டாக்டர் முகம் இறுகிப்போனது. நாங்கள் தந்த மருந்து இத்தனை நாளும் வேறொருவனுக்குப் போயிருக்கிறது, இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டார். கோபம்தான். ஆனால் அது என்மேல் இல்லை என்று தெரிந்தது. எழுந்து ஜன்னலண்டை போனார். சிஸ்டர் அவரிடம் மெதுவாகச் சொன்னார், மகனுக்காக அம்மாவுக்கு நிறுத்தினால் இரண்டு பேரையும் கைவிட்டதாகிவிடும் என்று. இருவரும் பக்கத்து அறைக்குள் போய் நெடுநேரம் பேசினார்கள். நான் பெஞ்சில் மற்ற வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கையில் எல்லாம் ஒரு பை, பையில் ஒரு பழைய சீட்டு. அந்தப் பூட்டிய அலமாரியை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணனால் இவர்களுக்கெல்லாம் இல்லாமல் போய்விடுமோ என்று எனக்கு உடம்பு கூசியது.

அடுத்த நாள் டாக்டரே வீட்டுக்கு வந்தார். இனி மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துத் தருவோம், இத்தா முன்னால் குடித்துவிட்டு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் அம்மா அதுவரை டாக்டர்கள் முன்னால் தலை நிமிர்ந்து பேசியதில்லை. அன்று பேசினாள். "அவனுக்கும் ஒரு மருந்து சொல்லுங்க சார். அப்புறம் நான் குடிக்கேன்."

அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவனுக்கு முழுசும் விளங்கியிருக்க வேண்டும். உள்ளே வந்து, "உனக்கு வலி இல்லேன்னு சொன்னியேம்மா" என்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சுவரில் இருந்த அந்தக் கறுத்த இடத்தைப் பார்த்தான். தினமும் பார்த்த இடம்தான். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். டாக்டரும் அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். சிகிச்சைக்குப் போகிறாயா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினான்.

ஆலுவாவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பழக்கத்திலிருந்து விடுவிப்பதற்கென்று ஓர் இடம் இருந்தது. சிஸ்டர் பேசி இடம் வாங்கித் தந்தார். டாக்டரின் காரிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் இத்தா கரைத்துக் கொடுத்ததை அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். கசக்குது என்றாள். இத்தா சிரித்துவிட்டு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார்.

அதன்பிறகு வந்த வாரங்கள்தான் நோய் வந்தபின் அம்மாவுக்குக் கிடைத்த நல்ல நாட்கள். அளவைத் திரும்பவும் கீழிருந்து தொடங்கிச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். அம்மா மல்லாந்து படுத்தாள். கப்பக்கிழங்கும் மத்தி மீன் கறியும் வேண்டும் என்று கேட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீன்காரி பழைய மீனைத் தலையில் கட்டுகிறாள் என்று சண்டை போட்டாள். இடையிடையே, அவன் சாப்பிட்டிருப்பானா, அங்கே உதைப்பார்களா என்று கேட்பாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். முதல் தடவை போனபோது அவன் என்னோடு பேசவில்லை. மெலிந்து, உதடு வெடித்து, போர்வைக்குள் கிடந்தான். அம்மாவிடம் நன்றாக இருக்கிறான் என்றேன்.

மழை தொடங்கியபின் அம்மா இறந்தாள். அவன் அதற்குச் சில நாள் முன்னால் திரும்பி வந்திருந்தான். காலையில் அவன் கையால் கஞ்சித் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். உச்சி வேளைக்கு முன்னால் மூச்சு நின்றது. முகத்தில் வலியின் சுருக்கம் இல்லை. அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் முடிந்தபின் மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள சிஸ்டர் வந்தார். இத்தா பானையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்தபோது அண்ணன் எழுந்து, கொட்டுகிற மழையில் சந்து முனையில் போய் நின்றுகொண்டான். சிஸ்டர் நனைந்த குடையோடு அவனைத் தாண்டிப் போகும்போது அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதன்பிறகுதான் வீட்டுக்குள் வந்தான்.

அத்தோடு அவன் திருந்திவிட்டான் என்று எழுத ஆசைதான். இல்லை. அம்மா போன அடுத்த வருஷம் மறுபடி விழுந்தான். ஆலுவாவுக்கு மறுபடி போனான். எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கப்பல்கட்டும் தளத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர், எறணாகுளம் பக்கம் தேவராவில் குடியிருந்தோம். அண்ணன் எப்போது நிஜமாகவே விட்டான் என்று ஒரு நாளைச் சொல்ல முடியாது. ஒரு ஓணத்துக்கு வந்தவன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தான். நான் கவனித்ததை அவனும் கவனித்தான். பஜாரில் ஓர் அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். சில வருஷம் அப்படியே ஓடியது. எனக்கும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

இரண்டாயிரத்துக்குப் பின் சில வருஷம் கழித்து அந்தக் கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்தது. மூட்டைகள் அவன்மேல் விழுந்து தொடையெலும்பு முறிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முறை வரும்வரை அப்படிக் கிடக்க வேண்டும். சேர்க்கும்போதே அவன் தன் பழைய கதையை டாக்டரிடம் தானே சொல்லியிருக்கிறான். மயக்க மருந்து கொடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆலுவாவில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னதால், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் போட்ட ஊசி அவனுக்குப் போடப்படவில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரைதான் கொடுத்திருந்தார்கள்.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். களைத்துப்போயிருந்தார். இதற்கு முன் இப்படி ஒருவன் வலி வலி என்று நடித்து அவரை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறான், வார்டில் மருந்தும் காணாமல் போயிருக்கிறது. மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். இவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார். நான் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நானும் அதையேதான் நினைத்திருக்கிறேன்.

அவரைக் கட்டிலருகில் வரச் சொன்னேன். "டாக்டரே, இவன் என்கிட்ட பொய் சொன்னதுக்குக் கணக்கே கிடையாது. பொய் சொல்லணும்னா இவன் சிரிப்பான், நல்லாப் பேசுவான், உங்க குடும்பத்தைக்கூட விசாரிப்பான். இப்போ பாருங்க. வாயைத் திறக்கிறானா?"

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தான். தலையணை உறையின் மூலை அவன் பல்லுக்கு நடுவில் இருந்தது. டாக்டர் நின்று பார்த்தார். அவர் தயங்குவது தெரிந்தது. நான் வெளியே வந்து சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் அந்தப் பழைய டாக்டரோடு இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பழைய டாக்டர் சின்ன டாக்டரிடம் போனில் பேசினார். பழக்கம் இருந்தவனுக்கும் எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும். அவன் கேட்கும்போது போட வேண்டாம். கடிகாரம் பார்த்து, அளவு பார்த்துப் போடுங்கள், அப்போது அவன் கெஞ்சவும் வேண்டாம், நீங்கள் சந்தேகப்படவும் வேண்டாம் என்றாராம். அவருடைய பொறுப்பில் ஊசி எழுதப்பட்டது.

நர்ஸ் ஊசியோடு வந்தபோது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "வேண்டாம்னு சொல்லிரட்டுமா? நீ சொல்லு. எனக்கு என்னை நம்ப முடியல."

எனக்கும் முடியவில்லை. இருந்தாலும் போட்டுக்கோ என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. தலையணை உறை வாயிலிருந்து நழுவியது. நெற்றி விரிந்து, இமை பாதி இறங்கியது. எத்தனையோ வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுத் திண்டாட்ட நாட்களில் நான் வெறுத்த அதே முகம். வலி போனவனின் முகமும் போதை ஏறியவனின் முகமும் ஒன்று போலவே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ், பாவம், இப்போதான் ஆசுவாசமாச்சு என்றாள். நான் ஆமாம் என்றேன்.

ஆபரேஷன் முடிந்து எங்கள் தேவரா வீட்டில்தான் வந்து கிடந்தான். என் வீட்டுக்காரருக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை, வெளியே காட்டவில்லை. படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டிய மாத்திரைகளை நான் பீரோவில் பூட்டி வைத்தேன். ஒரு மத்தியானம், வேளை வருவதற்கு வெகுநேரம் முன்னால், அவன் என்னைக் கூப்பிட்டான். உன் மீன்கறி அம்மாவுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றான். வீட்டுக்காரரைப் பற்றி ஏதோ வேடிக்கை சொன்னான். அப்புறம், இன்னிக்கு மட்டும் ஒன்று முன்கூட்டியே தந்தால் நன்றாயிருக்கும் என்றான். முடியாது என்றேன். சிரிப்பு போய்விட்டது. நீயும் அந்த ஆஸ்பத்திரிக்காரன் மாதிரிதான் என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வேளை வந்தபோது நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வலியில் கிடக்கிறவனுக்கு இல்லை என்றேனா, விழப்போனவனைப் பிடித்தேனா என்று தெரியாத அழுகை.

மறுநாள் காலையில் சிஸ்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். தையல் போட்ட இடம் உள்ளே சீழ் கோத்து வீங்கியிருந்தது. அவர் கேட்டார், நேற்று கேட்டாயாமே, இதற்காகவா என்று. அண்ணன் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"ரெண்டும்தான் சிஸ்டரே. வலியும் இருந்துச்சு, அதுவும் இருந்துச்சு. எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல."

சிஸ்டர் அவனைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. சீழை எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சில நாளைக்கு மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார், பிறகு முன்னைவிட மெதுவாகக் குறைக்கச் சொன்னார். அந்தக் குறைக்கிற நாட்கள் கொடுமையாகத்தான் இருந்தன. தூங்க மாட்டான், எரிந்து விழுவான், ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். ஆனால் பீரோ பக்கம் போகவில்லை. கடைசி மாத்திரை தீர்ந்தபின் நொண்டிக்கொண்டே தெருமுனைக்குப் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தான். எனக்கும் ஒரு பழம்பொரி, வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வந்திருந்தான்.

மூட்டை தூக்க அந்தக் கால் இனி உதவாது. கொச்சங்காடியில் ஒரு கிடங்குக்குக் காவலாளாகச் சேர்ந்தான். நான் மாதத்தில் ஒரு முறையாவது படகு ஏறி அவனைப் பார்க்கப் போவேன். போன உடனே முதலில் அவன் கண்ணைத்தான் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தை என்னால் விட முடியவில்லை. அவனும் தெரிந்துகொண்டே வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி உட்காருவான். இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு கர்க்கடக மாசம், நம்ம ஆடி, மழை விட்டிருந்த பகலில் போனேன். காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வலிக்குதா, டாக்டர்கிட்ட போலாமா என்று கேட்டேன். வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் போதும் என்றான். நான் நம்பாமல் நின்றதைப் பார்த்து, உண்மையாகவே போதும் என்று திரும்பவும் சொன்னான். ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தண்ணீரைச் சுடவைத்தேன்.